கேனில் வந்த கடல்

கடலே இல்லாத அம்பத்தூரில் கடல்தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான் எண்பதுகளில் என் உத்தியோகம். கடுகு சைசில் பாலிமர் மணிகள் செய்வோம். ரெசின் என்று பெயர். அதன் வழியாகத் தண்ணீரை விட்டால், கரைந்திருக்கும் செம்பு அதில் ஒட்டிக்கொள்ள வேண்டும். செய்கிற வேலையை வீட்டில் விளக்க முடியாமல் தவிப்பவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஆள்.

பஸ்ஸில்

திருவொற்றியூர் கடற்கரையில் இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டருக்குச் சாராயமோ என்று சந்தேகம். மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது. அப்புறம் குரலே இரக்கமாகிவிட்டது.

"அம்பத்தூர்ல தண்ணி கஷ்டம்னு தெரியும் சார். இவ்ளோ மோசமா கீதுன்னு தெரியாது."

பெண் பார்த்த இடத்தில்

பெண்ணின் அப்பா ஆவடி தொழிற்சாலைக்காரர், குவார்ட்டர்ஸில் வீடு. என்ன வேலை என்றார். கடலிலிருந்து செம்பு எடுக்கிறோம் என்றேன். இதுவரை எவ்வளவு எடுத்தீர்கள் என்றார். இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"சம்பளமாவது எடுக்கறீங்களா தம்பி?"

நீலம்

இந்த மாதமும் ஒன்றும் வராவிட்டால் மூடிவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கடைசி வாரம், ரெசினை அமிலத்தில் கழுவி அம்மோனியா விட்டோம். செம்பு இருந்தால் நீலம் வர வேண்டும். மயில் கழுத்துபோல வந்தது. முதலாளி தானே ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தார்.

என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா மட்டும் சாப்பிடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடல்தண்ணீர் ஊற்றிவைக்கும் டிரம்மின் பித்தளைக் குழாயைக் காட்டினாள். உப்பு அரித்துப் பச்சை பூத்திருந்தது. நாங்கள் பிடித்தது குழாயின் செம்பை. சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்தாலோ தூக்கம் போகும். இருவரும் போய்ச் சொன்னோம். முதலாளி வந்து குழாயின் பச்சையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"வாங்கினது வாங்கியாச்சு, சாப்பிடுங்க. நாளைக்கு பிளாஸ்டிக் குழாய் போடுங்க."

வெள்ளைத்தாள்

பிளாஸ்டிக் குழாய் வந்தபின் மூன்று வாரம் கேன் கேனாகச் சுமந்தேன். முடிவில் சோதனைக்குழாயில் ஏதோ தெரிந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ஸ்டெல்லா அதன் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தாள். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நீலம்தான்யா. ஆசைக்குச் சொல்லல, நெஜமாவே நீலம்."

அத்தனை கேனுக்கும் சேர்த்து நாங்கள் பிடித்த செம்பில் ஒரு குண்டூசியின் தலைகூடத் தேறாது, என் தோள்பட்டை வலி மட்டும் முழு எடைக்குத் தேறும்.