குட்டானுக்கு விலக்கு

கடைக்கு வரும் பெட்டியைப் பிரிக்குமுன் ஹம்சா மோந்து பார்ப்பாள். டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மீன் நாற்றத்தையும் மீறி அந்த மூக்கு வேலை செய்யும். "ஈரம் பட்டிருக்கு பையா, திருப்பி எடுத்துண்டு போ" என்று இந்தியில் அதட்டினால் டெம்போக்காரன் மறுபேச்சுப் பேசமாட்டான்.

அந்த மூக்குக்கு மிகவும் பிடித்தது யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி. கைக்கு அடக்கமான ஓலைக் குட்டானில் பாகை ஊற்றி, இறுகவைத்து அங்கிருந்து உதயா அனுப்புவாள். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. பழக்கமெல்லாம் வீடியோவில்தான், கூடப்பிறந்தவர்கள் தோற்றார்கள் போங்கள்!

நாட்டுக்கு நாடு வேறு சட்டம் இருந்த காலத்தில், அங்கே ஒரு சோதனை, இங்கே ஒரு சோதனை என்று சரக்கு துறைமுகத்தில் கிடந்து இளகிப்போகும். "நான் என்ன கரண்டியாலயா விக்கறது?" என்று ஹம்சா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில் இரு நாட்டுக்கும் ஒரே விதி, எதுவும் ஒட்டிய பாக்கெட்டில்தான் வரவேண்டும் என்று பேச்சு வந்தது. வியாபாரிகளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஓலையில் வருவதற்குத் தனி விலக்கு வேண்டுமா?" என்றார் ஓர் அதிகாரி. பாவி, அப்போது தலையாட்டியிருக்கலாம். "அதுக்கு இன்னொரு வருஷம் இழுப்பேள். ஓலை என்ன பெரிய விஷயம், கவர்ல போட்டுக்கட்டும். ஜல்தி முடிங்கோ சார்!" என்றுவிட்டாள்.

முடித்தார்கள். இப்போது சரக்கு தங்குதடையில்லாமல் வருகிறது, கொழும்புத் தொழிற்சாலையின் பிளாஸ்டிக் பாக்கெட்டில். ஒட்டுகிற மெஷினும், காய்ச்சும் ஒவ்வொரு பானைக்கும் சோதனைச் சான்றிதழும் உதயாவின் கொல்லைப்புறத்துக்குக் கட்டுப்படியாகுமா? அவளும் கூட வேலை பார்த்த பெண்களும் அடுப்பை அணைத்துவிட்டார்கள்.

வேண்டாம் என்று சொன்னது யார் என்று உதயாவுக்குத் தெரியாது. "நீங்கள் கதைச்சால் கேப்பினம் அக்கா" என்று இன்னமும் இவளைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். "என் வாயில கொள்ளிய வைக்க" என்று ஹம்சா தனக்குள் முணுமுணுத்துக்கொள்வாள். உண்மையைச் சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை.

பிளாஸ்டிக் பாக்கெட்டை மட்டும் அவள் மோந்து பார்ப்பதில்லை. ஆனால் விற்கிறது, முன்தட்டு முழுக்க அதுதான்.

போன் அடித்தது. வீடியோ; திரையில் உதயாவின் பெயர். ஹம்சா எழுந்தாள். பருப்பு மூட்டை மேல் கிடந்த சாக்கை உருவி முன்தட்டின் மேல் போர்த்தினாள். ஓரத்தில் ஒரு பாக்கெட் எட்டிப் பார்த்தது. அதையும் உள்ளே தள்ளிவிட்டு, பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.