உள்ளிருந்து பூட்டும் கதவு

பேருந்து நிலையத்தின் கிழக்குச் சுவரையொட்டிச் சாவி செய்து பிழைத்தவரை ஊரார் பூட்டுக்காரர் என்றே அழைத்தனர். பகலில் அவர் அரத்தால் சாவிக்குப் பல் வெட்டிய பலகைதான் இரவில் அவர் மனைவிக்குத் தலையணை. அந்த அம்மாளுக்கு நெடுநாளைய இளைப்பு நோய். ஆகவே, தொற்று பரவி நகரமே கதவடைத்துக்கொண்டபோது பூட்டுக்காரருக்கு இருந்தது ஒரே கவலை: இந்த நோய் அவளைத் தொட்டால் அவள் தாங்கமாட்டாள்.

மூடிக் கிடந்த சமுதாயக் கூடமொன்றை, தெருவில் உறங்குவோருக்காக மாநகராட்சி திறந்தது. இடைவெளிவிட்டுக் கட்டில்கள், மூவேளை உணவு, மருத்துவரின் வருகை என ஏற்பாடுகளில் குறையில்லை. ஆயினும், ஆட்களை ஏற்றிவரச் சென்ற வண்டி வெறுமையாகவே திரும்பியது. மறுநாள் அவ்வண்டியில் சுகாதார ஆய்வாளரே வந்தார். இளம்பெண்.

“அண்ணே, அக்காவுக்கு இப்படி மூச்சு வாங்குதே! ஏறுங்க.”

“ஏறலாம்மா. அங்க பூட்டு எந்தப் பக்கம்?”

“வெளிப்பக்கம்தான். நோய் உள்ள வந்துடக் கூடாதுல்ல?”

“ஆமா, நோய் வந்து கதவத் தட்டி உத்தரவு கேக்கும் பாரு” என்றார் மனைவி, இளைப்பினூடே.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. சில ஆண்டுகளுக்கு முன், பெரிய மனிதர் ஒருவரின் வருகைக்காகத் தெருக்களைத் துப்புரவாக்கியபோது, இத்தகைய வண்டியொன்று இவர்களை அள்ளிச் சென்று ஒரு கொட்டகையில் அடைத்தது. வெளியே பூட்டியவர்கள் அத்தோடு மறந்துபோயினர். மனைவிக்கு மூச்சுத் திணறியபோது, கதவைத் தட்டித் தட்டிப் பூட்டுக்காரரின் கை வீங்கியதுதான் மிச்சம். எந்தப் பூட்டையும் திறக்க வல்லவர். ஆனால், பூட்டு மறுபக்கத்தில் இருந்தது.

பூட்டுக்காரர் இதைச் சொல்லி முடித்ததும் ஆய்வாளர் கேட்டார்:

“பூட்டை உள்பக்கம் மாத்திட்டா வருவீங்களா?”

“யாரு மாத்துவா?”

“நீங்கதான். ஊர்ல வேற யாரு கடை திறந்திருக்கு?”

“மேல இருக்கறவங்க ஒத்துக்குவாங்களா?”

“மாட்டாங்க. மாத்தினப்புறம் திட்டு வாங்கிக்கறேன்.”

மனைவி சிரித்தார். “பாத்தியாய்யா, இது நம்ம பொண்ணு! மரம் மாதிரி நிக்காம கருவிப் பைய எடு.”

அன்று மாலைக்குள் தாழ்ப்பாள் இடம் மாறியது. பூட்டுக்காரர் உள்ளே சென்றதைக் கண்ட மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். வாயிற்காவலைத் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டனர்.

செய்தி எட்டிய மண்டல அதிகாரி கடுகடுப்புடன் வந்து கதவைத் தட்டினார். அப்போது காவல் முறை, அங்கே தங்கியிருந்த பழவண்டிக்காரர் ஒருவருடையது.

“மண்டல அதிகாரிங்களா? ரொம்ப சந்தோஷம். முகக்கவசத்தை மூக்குக்கு மேல ஏத்துங்க, திறக்கறேன்.”

அதிகாரி ஏற்றினார். உள்ளே கட்டில்கள் நிறைந்திருந்தன. எவரும் வெளியே சுற்றித் திரியவில்லை. திரும்பிச் சென்றவர், மறுநாள், இதேபோல் திறக்கப்பட்டிருந்த மற்ற இரு கூடங்களிலும் பூட்டை மாற்றப் பூட்டுக்காரரை அனுப்புமாறு சொல்லியனுப்பினார்.

எனினும், நோய் பூட்டுக்கு அஞ்சவில்லை. ஒரு பிற்பகலில் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது, மூச்சு முட்டியது. இம்முறை பூட்டுக்காரர் எவரையும் தட்டி அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கதவை அகலத் திறந்துவைத்துக் காத்திருந்தார். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நேரே கட்டில்வரை வந்தனர். “பிந்தியிருந்தால் கடினம்” என்றார் மருத்துவர்.

இரு வாரங்களில் அந்த அம்மாள் மெலிந்து, ஆனால் நடந்தே திரும்பினார். கட்டிலில் அமர்ந்ததும் ஆய்வாளரிடம் கேட்டார்:

“நோய் போயிட்டா எங்களையும் போகச் சொல்லிடுவீங்களா?”

“சொல்லக் கூடாதுன்னு மேல இருக்கறவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்க்கா.”

“எழுதினா ஆச்சா?”

“ஆகாது. தினம் போய் அதிகாரி வாசல்ல நிப்பேன்.”

அவ்வாறே நின்றார். கூடம் இன்றுவரை மூடப்படவில்லை.