பூட்டக்கா பிரஸ்ஸில் உட்கார்ந்த நாள்

அந்தத் தொழிற்சாலையில் எல்லாரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த இயந்திரத்தின் மின்பெட்டியைத் திறப்பதானாலும் முதலில் மெயினை இறக்கி, அதில் தன் சிவப்புப் பூட்டை மாட்டிவிடுவாள். சாவி அவளிடம் மட்டும். மின்சார விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அவள் அதைப் படித்துக் கற்கவில்லை. வயர்மேனாக இருந்த அவள் கணவர் ஒரு பட்டறையில் ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை மாட்டிவிட்டுப் பெட்டிக்குள் கை விட்டிருந்தார். யாரோ அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மெயினைப் போட்டார்கள். கைக்குழந்தையான மகளை அண்ணி வீட்டில் விட்டுவிட்டு அவள் பயிற்சிக்குப் போய் அதே வேலையைக் கற்றுக்கொண்டாள். வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் பூட்டுப் போட்டிருப்பாள் என்று லேத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த மகளை வளர்ந்தபின் கட்டிக்கொண்டவர் அங்கேயே உற்பத்தி மேற்பார்வையாளர். வீட்டில் அவர் மாப்பிள்ளை, இங்கே சார்.

அன்று காலை, மேலிருந்து இறங்கித் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ்ஸின் கதவு சுவிட்ச் செத்துப்போனது. கதவு மூடியிருந்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும். உள்ளே கை இருக்கும்போது இறங்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது விரல் நீளமுள்ள அந்தச் சுவிட்ச். புதியது வர நாளாகும். சரக்கோ மாலைக்குள் லாரி ஏற வேண்டும். ஏற்கெனவே தவறியிருந்தது, இந்த முறையும் தவறினால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். மகளுக்கு நிறைமாதம்.

சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடச் சொன்னார் மாப்பிள்ளை. சேர்த்துவிட்டால் கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மின்பெட்டி நம்பும். அவள் மெயினை இறக்கிப் பூட்டை மாட்டினாள்.

“அத்தை, கதவ மூடி மூடித்தான் ஓட்டணும்னு சொல்லிடறேன்.”

“கொஞ்ச நேரம் மூடுவான் மாப்பிள்ளை. அப்புறம் எண்ணிக்கை வரலன்னு நீங்களே வந்து நிப்பீங்க.”

தொழிற்சாலைக்குள் அவரை மாப்பிள்ளை என்று அவள் அழைத்தது அதுவே முதல் தடவை. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மாமியாரைப் பகைத்துக்கொண்டால் ராத்திரி பட்டினிதான் சார் என்று வெல்டர் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

சற்று நேரத்தில் மகள் போன் செய்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகக் கேட்டாள்:

“ஊர்ல இருக்கிற கையெல்லாம் காப்பாத்துற. எங்கள மட்டும் ஏம்மா நடுத்தெருவுல விடுற?”

அவள் மின்பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிரஸ் ஓட்டுகிறவர் வந்து, பரவாயில்லை அக்கா, நான் பார்த்து ஓட்டிக்கொள்கிறேன் என்றார். சொல்லும்போது கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

அவள் எழுந்தாள். பெட்டியைத் திறந்து, துண்டு வயரைத் தன் கையாலேயே மாட்டினாள். மெயினிலிருந்து பூட்டைக் கழற்றினாள். பிரஸ் ஓட்டுகிறவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அவருடைய ஸ்டூலில் தான் உட்கார்ந்தாள்.

“எந்திரிங்க அத்தை. இது உங்க வேலை இல்ல.”

“வேற யாரு கையும் உள்ள போகாது மாப்பிள்ளை. அவ்வளவுதான்.”

முதலில் ஒவ்வொரு தகட்டுக்கும் கதவை மூடி, பெடலை மிதித்து, மறுபடி திறந்தாள். மதியம் தாண்டியும் பாதிகூட ஆகவில்லை. அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே லாரிக்காரர் தார்ப்பாயை உதறி மடிப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் கதவை அகலத் திறந்து கொக்கியில் மாட்டினாள். கை உள்ளே, கை வெளியே, பெடல். கை உள்ளே, கை வெளியே, பெடல்.

மாப்பிள்ளை வந்து பார்த்தார். அவள் பக்கத்தில் நின்று, அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

“நான் இங்கதான் இருக்கேன் அத்தை. ஏதாவதுன்னா சட்டுனு அடிச்சிடறேன்.”

அது கனத்த சக்கரம் சுழன்று இறக்கும் பழைய பிரஸ். பெடலை மிதித்துவிட்டால் ஒரு சுற்று முடியாமல் நிற்காது. பொத்தானை அடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நிற்கும். சக்கரத்தின் வேகம் நிற்காது. அவளுக்கு அது தெரியும்.

“சரி மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டை உள்ளே வைத்தாள்.