குறும்பகல் அறை

ஹைதராபாத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரு மனிதருக்கு நான் செய்த அநியாயத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் கணவருக்கு அங்கே மென்பொருள் வேலை கிடைத்ததால் திருநெல்வேலியை விட்டுக் குகட்பள்ளிக்குக் குடிவந்தோம். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் கம்ப்யூட்டரோடு வேலை, எனக்கு மட்டும் எலிகளோடு. பகலின் நீளம் மாறும்போது மூளையில் உள்ள கடிகார மரபணுக்கள் எப்படி மாறுகின்றன என்பது என் ஆய்வு. ஹாம்ஸ்டர் என்ற குட்டைவால் எலிகளை இரண்டு அறைகளில் வைத்திருந்தோம். ஒன்றில் பதினாறு மணி நேர வெளிச்சம். மற்றதில் எட்டே மணி நேரம்; மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். நெடும்பகலில் அந்த மரபணுக்கள் நெடுநேரம் பரவலாக வேலை செய்யும். குறும்பகலில் சட்டென்று எழுந்து சீக்கிரம் அடங்கும். அதை வைத்துத்தான் உடம்பு இது கோடையா, குளிர்காலமா என்று தெரிந்துகொள்கிறது.

எலிகளைப் பார்த்துக்கொண்டவர் திருமுல்கேரியிலிருந்து வரும் உதவியாளர். ஐம்பது வயதைத் தாண்டியவர், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். இருட்டு அறைக்குள் மங்கலான சிவப்பு விளக்கோடு மட்டுமே போவார். என்னைக் கடிக்கும் எலிகள் அவர் கையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் அவர் என் மேசையருகே வந்து நின்றார்.

“மேடம், சின்னப் பகல் ரூம்ல என்னவோ சரியில்ல. குளிர்காலம்னு நெனச்சு எட்டு வாரத்துல ஆண் எலிங்களுக்கு விதை சுருங்கணும்னு நீங்கதான சொன்னீங்க? ஒண்ணுக்குக்கூட சுருங்கல.”

“நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, நீங்க போங்க” என்றேன். பார்க்கவில்லை. படிக்காதவர் எனக்குச் சொல்வதா என்ற எண்ணம் உள்ளே இருந்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து மூளைச் சீவல்களைச் சோதித்தேன். குறும்பகல் எலிகளின் மரபணுக்களும் நெடும்பகல் எலிகளுடையவை போலவே நெடுநேரம் வேலை செய்திருந்தன. ஓராண்டு உழைப்பு வீண். பேராசிரியர் காரணம் கேட்டார்.

“இருட்டு நேரத்துல யாரோ வெளிச்சத்த உள்ள விட்டிருக்காங்க சார்.”

“சாவி யார்கிட்ட இருக்கு?”

என்னிடம் ஒன்று, உதவியாளரிடம் ஒன்று. நான் பதில் சொல்லாமல் நின்றேன். அதுவே பதிலாகிவிட்டது.

அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “நக்கோ சார், இல்ல, இத்தன வருஷத்துல நான் ஒருநாளும் அப்படிச் செஞ்சதில்ல” என்றார். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மறுநாளே அவரைக் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் இரண்டு முறை என் அறை வாசலுக்கு வந்தார். இரண்டு முறையும் “இப்ப நேரமில்ல” என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த கோடையில் ஆய்வை மறுபடி தொடங்கினேன். ஒரு மாலை ஏழு மணிக்குக் கரெண்ட் போனது. அறைகளுக்கு ஜெனரேட்டர் உண்டு, சிவப்பு விளக்கு மட்டுமே உள்ள நடைவழிக்குக் கிடையாது. குறிப்பேடு எழுத வசதியாக நானே நடைவழிச் சுவரில் மாட்டிய எமர்ஜென்சி விளக்கு தானாக எரிந்தது. அதன் வெளிச்சம் நேராகக் குறும்பகல் அறையின் கதவிடுக்கு வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. போன கோடையிலும் தினமும் அதே நேரத்தில்தான் கரெண்ட் போகும். இருட்டின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் போதும், எலியின் மூளை அதை நீண்ட பகல் என்றே எடுத்துக்கொள்ளும். இதைக் கருத்தரங்குகளில் பேசியவள் நான்.

பேராசிரியரிடம் சொன்னேன். “நல்லவேளை கண்டுபிடிச்சே. அவர் அங்க நல்லாத்தானே இருக்கார்?” என்றார். “ஆமா சார்” என்றேன். அப்படிச் சொல்லிவிடுவது எனக்கும் சுலபமாக இருந்தது.

பட்டம் வாங்கி ஊரைவிட்டுக் கிளம்பும் வாரத்தில்தான் திருமுல்கேரியில் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“ஹவ், ஆமா, தெரியும் மேடம். மாத்தின வாரமே கரெண்ட் போனப்ப அந்தப் பக்கமா வந்தேன், பாத்தேன். சொல்லத்தான் ரெண்டு தடவ வந்தேன்.”

தப்பு என்னுடையது என்று நிறுவனத்துக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன்.

“இப்ப கைக்கு மேடம், எதுக்கு? எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். “எழுதட்டும்” என்றார் கணவரிடம். “அப்பா என்ன தப்பு செஞ்சாருன்னு உங்க பொண்ணு என்கிட்ட கேட்டுச்சு. அதுக்கு நான் என்ன சொல்ல?”

அன்றே எழுதி அனுப்பினேன், அவருக்கும் ஒரு பிரதி. நிறுவனத்திலிருந்து பதில் வரவில்லை. மகள் அதைப் படித்தாளா என்று கேட்டு எழுத எனக்குத் துணிவு வரவில்லை.