கதவோரப் பலகை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரும்புச் சட்டமும் மரப்பலகைச் சுவருமான ஒரு பழைய சரக்கு ரயில் பெட்டி கிடந்தது. மலேசியாவில் எங்கள் கேமரன் மலைக்கு ரயில் கிடையாது. உரம் வைப்பதற்காக எப்போதோ லாரியில் ஏற்றி வந்தது. துருப்பிடித்த அதைப் பழைய இரும்புக்குப் போகவிடாமல் மானேஜரிடம் கேட்டு வாங்கிப் பழுதுபார்த்தவர் என் கணவர்.

ஒரு மதியம் இருவரும் உள்ளே சாயம் அடிக்கையில் மழை பிடித்தது. சாரலுக்காகக் கதவை இழுத்துச் சாத்தினேன். வெளிக்கொக்கி தானாக விழுந்துவிட்டது. கூரையில் மழை இரைந்ததில் நாங்கள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. போனில் லைன் இல்லை. சாய நெடியில் அவருக்கு இழுப்பு வந்தது. மருந்தோ வெளியே நிறுத்தியிருந்த எங்கள் லாரியில் இருந்தது.

நான் கடப்பாரையை எடுத்தேன்.

"பலகைய தொடாத லா. அந்தக் காலத்து மரம், இனி கெடைக்காது. மழ விட்டா யாராச்சும் வருவாங்க."

"அதுவரைக்கும் நீங்க தாங்கணுமே."

கதவோரப் பலகையைக் கையால் மறைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் அவரே தேய்த்து எடுத்த பலகை. அந்தக் கையை விலக்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. விலக்கினேன். ஓங்கிக் குத்தியதில் பலகை பிளந்தது. அவர் அந்த ஓட்டையில் வாயை வைத்து மூச்சு வாங்கினார். பிறகு நான் கையை வெளியே விட்டுக் கொக்கியைத் தூக்கினேன்.

இப்போது பெட்டி தோட்டத்து வாசலில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஒரு பலகை மட்டும் ஏன் புதுசு என்று கேட்பார்கள்.

"அது உளுத்துப் போச்சு, மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் இருப்பது கோபமா, நன்றியா என்று நான் கேட்டதில்லை. மூச்சு சீராக வருகிறதா என்று மட்டும் கவனிப்பேன்.