பூதிகோட்டைச் சாலையில் ஒரு மரச்செதுக்கு மலை

படம் வாங்கும் துணிச்சல் எனக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான் வந்தது. பெங்களூர்க் கண்காட்சி ஒன்றில், கோலார் தங்கவயல் பெண் ஒருவர் மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த, தன் ஊர்ப் பக்கத்துப் பூதிகோட்டைச் சாலை மலையின் படம் அது. கறுத்த வானம், வெளேரென்ற பாறைகள், எல்லாவற்றையும் சாய்வாக வெட்டிப் போகும் வெள்ளைக் கீற்றுகள். அடியில் பென்சிலால் 'காத்து கீது' என்று எழுதியிருந்தது. நான் மெய்ப்புத் திருத்தியே ஓய்வு பெற்றவன். "'கீறுது'ன்னு இருக்கணும். ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்று மனைவி விசாலத்திடம் விளக்கினேன்.

"அதான் மலையை அரிவாளால கொத்தி வச்சிருக்கா. கூடத்துல மாட்டாதீங்க" என்றாள். படம் சுருட்டியபடியே பீரோ மேல் போனது. அது எனக்குப் பிடித்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம். மலையை நேரில் பார்ப்போம், அப்போதும் பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்று பேசிக்கொண்டு, 2000-ஆம் ஆண்டு ஆடியில் படத்தோடு கிளம்பினோம்.

காலையில் கூட்டமெல்லாம் பெங்களூரை நோக்கித்தான் வரும். எதிர்த்திசை ரயிலில் உட்கார இடம் தாராளம். பத்தே காலுக்குத் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கினோம். பூதிகோட்டைச் சாலைக்குப் போய்வர, காத்திருப்பும் சேர்த்து, ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் முனிரத்தினம் முன்பு சுரங்கத்தில் இருந்தவர்.

மலைக்கு எதிரே இறங்கிப் படத்தை விரித்ததும் காற்று பிடுங்கப் பார்த்தது. ஒரு முனையை விசாலம் பிடித்தாள், மறுமுனையை முனிரத்தினம்.

"இன்னா சார், நம்ம மலைய இடம் வலம் மாத்திட்டாங்க?"

"அச்சுல அப்படித்தாங்க விழும்."

அவர் குனிந்து படித்தார். "காத்து கீது. கரெக்டா எழுதிக்கீது பொண்ணு."

"கீறுதுன்னு..." என்று இழுத்தேன்.

"கீறலும் இல்ல, கிழிசலும் இல்ல சார். காத்து இருக்குது, அவ்ளோதான். கீழ லெவல்ல ஒரு ஷிப்டு வெந்துட்டு கேஜ் லிப்டுல மேல வருவோம் பாருங்க, மொத வார்த்த அதான். 'அப்பாடா, காத்து கீதுடா!'"

விசாலம் வாய்விட்டுச் சிரித்தாள். "இல்லாத பிழையத் திருத்தி என்னைப் பயமுறுத்திட்டீங்களே!"

பிறகு அவள் படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். புழுதிக்குக் கண்ணைச் சுருக்கினால் மலை உண்மையாகவே கறுப்பும் வெள்ளையுமாகத்தான் தெரிந்தது. படத்தில் வலப்பக்கம் சாய்ந்த கீற்றுகள், இங்கே புல்லாக இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இத்தனை நாள் வெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூச்சு விடுவதை மறந்திருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் ஆடியிலேயே போங்கள், மூக்குக்கண்ணாடியை இறுக்கி மாட்டிக்கொள்ளுங்கள். சாலையில் கடை கிடையாது. தண்ணீரை ஊரிகத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது.

படம் இப்போது கூடத்தில், ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. இடத்தைச் சொன்னது விசாலம்தான். கரண்ட் போய் விசிறி நின்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு, படத்தைப் பார்த்துச் சொல்கிறாள்: "கீது, கீது."