அரண்மனையில் காய்ந்த துண்டு

அக்காவுக்குக் காலில் சக்கரம். நாடகக் குழுவுக்குப் படுதா வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினாள். வீட்டு வாசல் தாண்டாத தங்கைக்கு அதில் தீராத கோபம். "ஒரு நாளாவது என்னை நெனச்சிருப்பாளா?" என்று, அக்கா கண்ணை மூடிய பிறகும் பொருமினாள்.

அக்காவின் நினைவாகக் குழு தங்கையின் ஊருக்கே வந்து நாடகம் போட்டது. தங்கை முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்தாள். முதல் படுதாவில் அரண்மனை. அதன் மாடத்தில் வரைந்திருந்த துணிக்கொடியில் தங்கையின் பழைய மஞ்சள் துண்டு, ஒட்டுப்போட்ட மூலையோடு காய்ந்தது! அடுத்து காடு, மரக்கிளையிலும் அதே துண்டு. கடலிலும் விடவில்லை, பாய்மரத்தில் தொங்கியது.

நாடகம் முடிந்ததும் குழுத் தலைவர் வந்தார். "காட்டுல எதுக்கும்மா துண்டுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'என் தங்கச்சியும் நாலு ஊரைப் பாக்கட்டுமே'ன்னு ஒரே பிடிவாதம்."

தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"துண்டு மட்டும் பாத்தாப் போதுமா? அடுத்து எந்த ஊருக்குப் போறீங்க?"